பழைய எஸ்டீமை ராலி கார் ஆக்குவது: எந்த வரிசையில்?

எஸ்டீம்_1298

வணக்கம். 2003 மாடல் எஸ்டீம் விஎக்ஸ்ஐ கைவசம் இருக்கிறது. 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. என்ஜின், 1298 சி.சி., கம்பெனிக் கணக்கில் 85 பிஎச்பி. 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எஃப்.சி. 2028 வரை செல்லும். கோவை, சென்னைப் பக்கம் நடக்கும் மண்தட ராலிகளில் அமெச்சூராக இறங்கும் அளவுக்கு இதைத் தயார் செய்ய வேண்டும். வாரநாளில் ஆபீசுக்கும் இதே கார்தான்.

போட்டு வைத்திருக்கும் வரிசை: முதலில் பவர் கூட்ட ஹெடர்ஸ் (எக்ஸாஸ்ட் குழாய்கள்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கோன் ஏர் ஃபில்டர், ஈ.சி.யூ. (என்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப். அடுத்து ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்று வெட்டிக் காரை இறக்குவது. கடைசியாகக் கையில் மிஞ்சும் பணத்தில் கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு), சீட், பெல்ட். சரியா?

சம்ப்கார்டு

வரிசையை அப்படியே தலைகீழாகப் பிடியுங்கள், சரியாகிவிடும். ஸ்ப்ரிங் வெட்டுவதை மட்டும் எந்த வரிசையிலும் சேர்க்க வேண்டாம்.

85 பிஎச்பி, 900 கிலோவுக்கும் குறைவான கார். உதிரி மண்ணில் முதல் ஆண்டு ஓட்டுபவருக்கு இந்தச் சக்தியையே முழுசாகத் தரையில் இறக்க முடியாது. ராலியில் கார் பாதியில் நிற்பது பெரும்பாலும் பவர் போதாமல் இல்லை. சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) உடைந்தோ, சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம் வளைந்தோ, சி.வி. ஜாயிண்ட் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் மூட்டு) மேல் உள்ள ரப்பர் பூட் கிழிந்தோ, ரேடியேட்டர் ஓட்டையாகியோதான் நிற்கிறது.

முதல் வேலை துருப் பார்ப்பது. சீட், கார்ப்பெட், டிரிம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன், பட்டித் தகடு வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் விட்டுவைத்தால் வெல்டிங் சூட்டில் அதுதான் முதலில் தீப்பிடிக்கும். உலர் பனிக்கட்டி கிடைத்தால் பத்து நிமிஷம் பரப்பிவைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், ஓடு மாதிரி உடைந்து வரும்.

பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இந்த இடங்களைக் குத்திப் பாருங்கள்: ரன்னிங் போர்டின் அடிப்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனையைப் பிடிக்கும் கூடு) டிக்கிக்குள் வந்து சேரும் விளிம்பு, பேட்டரி தட்டின் அடி, முன் லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம், கால் வைக்கும் தரையின் முன் மூலை. பட்டி பூசி பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. ரன்னிங் போர்டும் தரையும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால், அந்த ஷெல்லை (காரின் வெற்று உடலை) தேற்றுவதைவிட வேறு ஷெல் தேடுவது மலிவு. கேஜின் கால் உட்காரப்போவது அங்கேதான். துரு மேல் நிற்கிற கேஜ், கார் உருளும்போது தரையைக் கிழித்துக்கொண்டு கீழே போகும்.

ஷெல் சுத்தம் என்றால் தையல் வெல்டிங். கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டுகளுக்கு இடையில் 25 மி.மீ. வெல்டு, 50 முதல் 75 மி.மீ. இடைவெளி, மறுபடி 25. தகடு 0.8 மி.மீ. அளவுதான், அதனால் 0.8 வயரில் மிக் வெல்டிங். ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் ஷெல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கதவு சேராது. இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எல்லா மடிப்பிலும் தேவையில்லை. ஸ்ட்ரட் டவர், ரன்னிங் போர்டு, ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) ஓரம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் போதும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைக்க வேண்டும். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஈ.சி.யூ. இணைப்புகளைக் கழற்றிவிட வேண்டும். இதைச் சொல்லாமலேயே செய்கிற பட்டறை என்றால் நம்பி விடலாம்.

பேஸ்நோட்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வியை முடிக்க வேண்டும். ஆபீசுக்கும் இதே கார் என்கிறீர்கள். முடியாது, நண்பரே. கேஜ் போட்ட காரில் ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டுவது, கேஜ் இல்லாத காரைவிட ஆபத்து. சின்ன மோதலில்கூடத் தலை நேராக இரும்புக் குழாயில் அடிக்கும்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். ரேசிங், ஸ்பீடு டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் எல்லாம் விலக்கு என்று இருக்கும். ஸ்டேஜில் (நேரம் அளக்கும் போட்டித் தடத்தில்) அடிபட்டால் உங்கள் பாலிசியில் பைசா வராது. போட்டி நடத்துபவர்கள் எடுக்கும் காப்பீடு எதை மூடுகிறது, எதை மூடாது என்று என்ட்ரி கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரை ஸ்டேஜ் ஊருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) ஒவ்வோர் ஆண்டும் விதிகளைப் புதுப்பிக்கிறது. எஸ்டீம் எந்த வகுப்பில் வரும், அந்த வகுப்பில் என்ன மாற்றலாம் என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்க்காமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள். ஹெடர்ஸ், ரீமேப் அனுமதி இல்லாத வகுப்பு என்றால் போட்ட காசு போச்சு.

கேஜ் போடும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். டி.எஸ்.டி. ராலி இருக்கிறது: கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த பாதையில், நொடி பிசகாமல் போவது. கேஜ் வேண்டாம், ஸ்டாக் கார் போதும். உங்களுக்கும் கோ-டிரைவருக்கும் ஒத்துப்போகிறதா என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். அது ஒத்துப்போகாவிட்டால் நல்ல சஸ்பென்ஷன் போட்டும் பயனில்லை.

எஸ்டீம்_1298

நன்றி. ஆபீசுக்கு பைக். ரீமேப், ஹெடர்ஸ் இரண்டையும் பட்டியலில் இருந்து அடித்துவிட்டேன். ஷெல்லைக் குத்திப் பார்த்ததில் பேட்டரி தட்டின் அடியில் மட்டும் ஓட்டை, மற்றது திடம்.

கேஜுக்குப் பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். 38 மி.மீ. ஈ.ஆர்.டபிள்யூ. பைப், 2 மி.மீ. தடிமன், போல்ட் போட்டுக் கழற்றுவது மாதிரி, நான்கு நாளில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். போதுமா?

சம்ப்கார்டு

போதாது. பைப்பும் தப்பு, அளவும் தப்பு.

எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிகளில் இணைப்பு ஜே, 253-ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். கேட்பது குளிர்நிலையில் இழுத்த தையலில்லாக் குழாய், கடையில் சி.டி.எஸ். என்று கேட்டால் தருவார்கள். இழுவிசை வலிமை குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வரும் பிரதான வளையத்துக்கு 45 × 2.5 மி.மீ. அல்லது 50 × 2.0. மற்ற பாகங்களுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2.0. அதாவது 38-க்கு 2 மி.மீ. என்பது எங்குமே செல்லாது. ஈ.ஆர்.டபிள்யூ. என்பது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டிய பைப். வளைக்கும்போதே அந்தத் தையல் பிளக்கலாம், உருளும்போது கேட்கவே வேண்டாம். பைப்போடு மில் சர்டிஃபிகேட் (ஆலையின் தரச் சான்று) கேளுங்கள், ஸ்க்ரூட்டினியில் (போட்டிக்கு முன் நடக்கும் கார் சோதனையில்) காட்ட உதவும்.

எடை எவ்வளவு கூடும் என்று பயப்படுவீர்கள். 45 × 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 38 × 2.5 மீட்டருக்கு 2.2 கிலோ. எஸ்டீம் அளவுக்குப் பிரதான வளையம் நாலரை மீட்டர், மற்றது எல்லாம் சேர்த்து 18 மீட்டர் என்று வைத்தால் 51 கிலோ சொச்சம், தகடுகள் தனி. பின் சீட், கார்ப்பெட், தார் ஷீட், ஏ.சி. போனதில் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

வளைவின் மையக்கோட்டு ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. வளைப்பது குளிர்நிலையில், உள்ளே மேண்ட்ரல் (குழாய் நசுங்காமல் தாங்கும் அச்சு) வைத்து. மணல் அடைத்துச் சூடுகாட்டி வளைக்கும் பழைய முறை இங்கே ஆகாது. வளைவில் குழாய் நசுங்கியிருந்தால் காலிப்பரில் பார்க்கலாம்: சின்ன விட்டம், பெரிய விட்டத்தின் 0.9 பங்குக்குக் கீழே போனால் அந்தத் துண்டு கழிவு.

கால்கள். பிரதான வளையத்தின் இரு கால், முன் இரு கால், ஒவ்வொன்றின் அடியிலும் 3 மி.மீ. இரும்புத் தகடு ஷெல்லோடு வெல்டு ஆக வேண்டும். தகடு ஷெல்லைத் தொடும் பரப்பு 120 ச.செ.மீ., அதாவது 10 × 12 செ.மீ. அதைத் தரையில் தட்டையாக வைக்காமல் ‘ட’ மாதிரி மடித்துத் தரையையும் ரன்னிங் போர்டின் உள்சுவரையும் சேர்த்துப் பிடிக்க விடுங்கள், சுமை இரண்டுக்கும் பிரியும். காலுக்கு மூன்று எம்8 போல்ட், கிரேடு 8.8. பின்னால் ஸ்ட்ரட் டவருக்குப் போகும் தாங்கிகளுக்கு 60 ச.செ.மீ., இரண்டு போல்ட். அந்தத் தாங்கிகள் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்குக் குறையாமல் சாய்ந்திருக்க வேண்டும்.

பட்டறைகள் ஏமாற்றும் இடம் கூரைப் பக்கம். குழாய் கூரையோடு ஒட்டி நிற்கும், மேல்பாதியில் டார்ச் நுழையாது. கீழ்ப்பாதியை மட்டும் வெல்டு செய்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். கண்ணாடித் துண்டை மேலே விட்டுப் பாருங்கள், தெரியும். சரியான முறை: கால் வரும் இடத்தில் தரையில் வட்ட ஓட்டை போட்டு, கேஜை அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் முழுசாக வெல்டு செய்து, பிறகு தூக்கி நிறுத்திக் காலுக்கடியில் தகடு வைப்பது. நான்கு நாளில் முடிகிற வேலை இல்லை.

இன்னொன்று. சீட்டைப் பொருத்திவிட்டுத்தான் கேஜை அளக்க வேண்டும். நீங்கள், கோ-டிரைவர் இருவரும் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அளவு கொடுங்கள். ஹெல்மெட்டுக்கும் மேல் குழாய்க்கும் நடுவில் குறைந்தது ஒரு உள்ளங்கை நிற்கட்டும், அந்தப் பகுதிக் குழாய்க்கு எஃப்.ஐ.ஏ. 8857-2001 பேடிங். ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை பேடிங் ஆகாது, தீயில் உருகும்.

மண்ரோடு

அடிப்பக்கம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

ஸ்ப்ரிங் வெட்டினால் என்ன ஆகும்? ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்ப்ரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 25 சதவீதம் கூடும், நீளமும் குறையும். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஸ்ப்ரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும், இறங்கும்போது கோணலாக உட்காரும். தார் ரோட்டிலேயே தப்பு. மண்ணில் கார் இறங்கக் கூடாது, ஏற வேண்டும். ஸ்டாக் உயரத்துக்கு மேல் 25, 30 மி.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி சி.வி. ஜாயிண்ட் சீக்கிரம் தேயும், பூட் மடிப்பில் உரசிக் கிழியும். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது உள் ஜாயிண்ட் கழன்று வராமல் இருக்கிறதா என்று காரைத் தூக்கிவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பாருங்கள்.

ஸ்ப்ரிங் எவ்வளவு விறைப்பு? தொடக்கத்துக்கு ஒரு கணக்கு: இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில் முன் ஒரு ஸ்ட்ரட் மேல் 270 கிலோ என்று வைத்து, நொடிக்கு 1.8 முறை ஆடும் அளவு வேண்டும் என்றால் மி.மீ.க்கு 34-35 நியூட்டன், நம் பட்டறைக் கணக்கில் 3.5 கிலோ. உண்மை எடையை நான்கு தராசில் வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பணம் எல்லாம் டாம்பருக்கு (ஷாக் அப்சார்பருக்கு) போகட்டும். ஸ்டாக் டாம்பர் நீண்ட ஸ்டேஜில் சூடாகி எண்ணெய் நுரைத்துவிடும், கார் படகு மாதிரி ஆடும். டாம்பர் மேல் முனை பிடிக்கும் டவர் தகட்டுக்கு 3 மி.மீ. வளையத் தகடு வெல்டு செய்யாவிட்டால் அங்கேதான் விரிசல் விடும்.

சம்ப் கார்டு 6 மி.மீ. அலுமினிய அலாய். 0.6 ச.மீ. பரப்புக்கு 10 கிலோதான் வரும். 3 மி.மீ. இரும்பு அதே பரப்புக்கு 14 கிலோ, ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நின்று சம்ப்பைத் தொடும். முன் விளிம்பு மேல்நோக்கிச் சரிந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்வெட்டி மாதிரி மண்ணை அள்ளும். சம்ப்புக்கும் கார்டுக்கும் 15, 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஏனென்றால் என்ஜின் மவுன்ட்டில் ஆடும். ஆயில் இறக்க ஓட்டை, கல் நுழையாத அளவில். போல்ட் தலைகள் கார்டின் அடிமட்டத்துக்குக் கீழே நீட்டக் கூடாது. கல் தேய்த்த தலையில் ஸ்பானர் பிடிக்காது, சர்வீஸ் நேரம் பூராவும் அதற்கே போய்விடும்.

பிரேக் பைப், பெட்ரோல் பைப் இரண்டையும் அடியிலிருந்து எடுத்துக் கேபினுக்குள் கொண்டுவருவது நல்லது. உள்ளே வருவது இரும்புக் குழாய் அல்லது பின்னல் ஹோஸ், நடுவில் இணைப்பு இல்லாமல். தகட்டைத் துளைக்கும் இடத்தில் குரோமெட் இல்லாமல் விட்டால் அதிர்விலேயே அறுந்துவிடும். டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவில் பின் சீட் இருந்த இடத்தில் திறப்புகள் இருக்கும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, ஓரம் முழுக்க சீலன்ட் பூசி அடைத்துவிடுங்கள். பெட்ரோலும் தீயும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பதற்கு அது. புழுதி நிற்பது கூடுதல் லாபம். பல்லடம் பக்கம் உள்ள கேத்தனூர் காற்றாலைத் தடங்கள் மாதிரி இடத்தில் முன்னால் போன காரின் புழுதியிலேயே ஓட்ட வேண்டியிருக்கும். கோன் ஃபில்டர் வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் ஃபில்டர் சூட்டுக் காற்றையும் புழுதியையும் சேர்த்து இழுக்கும். ஸ்டாக் பெட்டி, புது பேப்பர் ஃபில்டர், நாளுக்கு ஒன்று மாற்ற உபரி.

என்ஜினுக்கு: நான்கு சிலிண்டர் கம்ப்ரஷன் பார்த்து, தங்களுக்குள் ச.செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸ், ரேடியேட்டர், என்ஜின் மவுன்ட் புதுசு. ஆயில் எப்போதும் மேல் கோட்டில். முடிந்தது.

சக்கரம் ஸ்டாக் 13 அங்குல இரும்பு ரிம். கல்லில் அடித்தால் இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தலாம். விலை குறைந்த அலாய் உடையும். 175/70 R13-லிருந்து 175/65 R14-க்குப் போனால் டயர் விட்டம் 8 மி.மீ. கூடும், ட்ரிப் மீட்டர் 1.4 சதவீதம் குறைத்துக் காட்டும். பத்து கிலோமீட்டரில் 140 மீட்டர். கோ-டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தைத் தாண்டிய பிறகு சண்டை. பிரேக்குக்கு டாட் 4 போதும், ஆனால் அது ஈரம் உறிஞ்சினால் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கும். ஒவ்வொரு போட்டிக்கும் முன் மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறந்து மண் தட்டுவது ஒவ்வொரு சர்வீசிலும்.

பேஸ்நோட்

செகண்ட் ஹேண்டில் சீட், பெல்ட் வாங்கினால் தேதியைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. 8855-1999 தரச் சீட்டுக்கு தயாரிப்பு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு. பெல்ட் 8853-2016 என்றால் பத்து. லேபிள் கிழிந்திருந்தால் பொருள் புத்தம்புதுசாக இருந்தாலும் ஸ்க்ரூட்டினியில் தள்ளிவிடுவார்கள். தோள் பெல்ட் பின்னால் போகும் கோணம் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது, ஹான்ஸ் (கழுத்துக் காப்புக் கருவி) போட்டால் 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பெரிய கோணத்தில் இறங்கினால் மோதும்போது முதுகெலும்பை அழுத்தும். பெல்ட் வெட்டும் கத்தி இரண்டு, கட்டிய நிலையில் இருவர் கைக்கும் எட்டும் இடத்தில்.

வயரிங்_பெட்டி

கில் சுவிட்ச் (மின்சாரம் முழுவதையும் துண்டித்து என்ஜினை நிறுத்துவது) விட்டுப்போய்விட்டது. பேட்டரி நெகட்டிவில் இரண்டு முனை சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். என்ஜின் ஓடும்போது அணைத்துப் பாருங்கள், ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி போனாலும் ஆல்டர்னேட்டர் கரன்ட் தருகிறதே.

ஆறு முனை சுவிட்ச் வாங்குங்கள். இரண்டு பெரிய முனை பேட்டரிக்கு. ஒரு சின்ன ஜோடி இக்னிஷன் வழியில், ஈ.சி.யூ. மெயின் ரிலேக்குப் போகும் வயரை வெட்டிச் சேர்க்க. மற்ற ஜோடி, அணைத்ததும் ஆல்டர்னேட்டரின் கரன்ட்டை 3 ஓம், 11 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு வடிக்க. அந்த ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஆல்டர்னேட்டர் டையோடு எரியும். சின்ன ஜோடிகள் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாமே தலைகீழாக வேலை செய்யும், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே இணைக்கவும்.

சோதிக்கும் முறை: ஹெட்லைட் போட்டு, 3000 ஆர்.பி.எம்.மில் வைத்து, அணையுங்கள். உடனே நிற்க வேண்டும். உள்ளிருந்து பெல்ட் கட்டிய நிலையில் இருவருக்கும் எட்ட வேண்டும். வெளியே விண்ட்ஷீல்டின் கீழ் மூலையில் இழுப்பு கேபிள், பக்கத்தில் நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர், அடிப்பக்கம் 12 செ.மீ. அந்தக் கேபிள் புழுதியில் இறுகிவிடும். ஒவ்வொரு ஸ்க்ரூட்டினிக்கும் முதல் நாள் ஒருமுறை இழுத்துப் பார்த்து கிரீஸ் வையுங்கள்.